வாங்கினால் சாகும்... வாங்காவிட்டால் வளரும்!

கடல் மீன் தொட்டி விற்கும் கடைகளில், விலை கேட்காமல் தாண்டிப் போக முடியாத ஓர் உயிர் உண்டு. ரத்தச் சிவப்பிலோ செம்மஞ்சளிலோ விரல் விரலாகக் கிளைத்து நிற்கும். பக்கத்தில் நீந்தும் கோமாளி மீனைவிட அதுதான் கண்ணை இழுக்கும். செடியா, பவளமா என்று தெரியாமல் நிற்பவரிடம், “ஸ்பாஞ்ச் சார், ஒரு கஷ்டமும் இல்லை. தீனிகூடப் போட வேண்டாம்” என்பார்கள்.

வில்லங்கம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். தீனி கிடைக்காத கடற்பஞ்சு பட்டினியால் சாகும். ஆனால் உடனே சாகாது. வாங்கிய வாரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே சில வாரங்கள் நிற்கும். பிறகு நுனிகள் வெளிறும். உடல் சிறுத்துக்கொண்டே வரும். ஓரத்தில் சாம்பல் படலம் தட்டும். நமக்குச் சந்தேகம் வரும்போது அது பாதி செத்திருக்கும். மீன் என்றால் மூச்சு வாங்கும், மிதக்கும், ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிட்டுப் போகும். கடற்பஞ்சு ஒன்றுமே சொல்லாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காசு கொடுத்து வாங்கித் தொட்டியின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் வைத்த வண்ணப் பஞ்சு சில மாதங்களில் போய்விடுகிறது. அதே தொட்டியில் பாறைக்கு அடியிலும் பம்ப் குழாய்க்குள்ளும் யாரும் அழைக்காமல் முளைத்த வெள்ளை, சாம்பல், மஞ்சள் பஞ்சுகள் ஆண்டுக்கணக்கில் செழிக்கின்றன. கடற்பஞ்சு வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதா என்ற கேள்விக்கான பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வாய் இல்லை, வயிறு இல்லை. பசி மட்டும் உண்டு

இதுவரை 9,000க்கும் மேற்பட்ட கடற்பஞ்சு இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. நரம்பு கிடையாது, தசை கிடையாது, குடல் கிடையாது. பள்ளியில் துளையுடலிகள் என்று படித்திருப்போம். உடல் முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியாக நீர் உள்ளே நுழைந்து, கால்வாய்களில் ஓடி, மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியேறும். இந்த ஓட்டத்தை முதலில் நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியவர் எடின்பரோவின் ராபர்ட் எட்மண்ட் கிராண்ட். 1820களின் நடுப்பகுதி அது. அதுவரை கடற்பஞ்சு செடியா விலங்கா என்பதிலேயே சண்டை. அந்தக் கிராண்டுடன் கடற்கரையில் உயிரினம் பொறுக்கித் திரிந்த மருத்துவ மாணவர்தான் சார்லஸ் டார்வின்.

நீரை ஓட்டுவது எது? கால்வாய்களின் உள்ளே சிறு அறைகள். அறைச் சுவரில் காலர் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு சாட்டை. அதைச் சுற்றி மிக நுண்ணிய இழைகளாலான வலை. சாட்டை அடிக்க அடிக்க நீர் நகரும், வலையில் உணவு சிக்கும். தனி ஒரு செல்லின் விசை அற்பம். லட்சக்கணக்கில் சேரும்போது ஒரு கிலோ கடற்பஞ்சு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைத் தன் உடல் வழியே செலுத்திவிடுகிறது.

சரி, அத்தனை நீரிலிருந்து அது எதைப் பிடித்துத் தின்கிறது? 1971இல் ஹென்றி ரைஸ்விக் ஜமைக்கா கடலில் மூன்று இனங்களை ஆராய்ந்து ஒரு முடிவு சொன்னார்: அவை உண்ணும் துகள் உணவில் ஏறத்தாழ 80 சதவீதம் சாதாரண நுண்ணோக்கியில் பிரித்தறியவே முடியாத அளவுக்குச் சிறியது. முக்கியமான சாப்பாடு பாக்டீரியா. அதற்கு மேலே மிகச் சிறிய பாசிச் செல்கள். நுழைவுத் துளையின் அகலமே பொதுவாக 50 மைக்ரானுக்குள்தான். நம் தலைமுடியின் தடிமன்கூட அந்த வழியாகப் போகாது.

இப்போது கடையில் ‘பவளத் தீனி’ என்று விற்கும் டப்பாவை எடுத்துப் பாருங்கள். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் குஞ்சு 400 மைக்ரானுக்கும் மேல். ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு 100 முதல் 300 மைக்ரான். பவளத்தின் வாய்க்கு இவை சரி. கடற்பஞ்சுக்கு இவற்றைக் கொடுப்பதும் ஒன்றுதான், கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். கொடுப்பதில் கெடுதலும் சேரும்: மேலே படிந்து துளைகளை அடைக்கும்.

அடைப்பு எடுக்கக் கடற்பஞ்சுக்கு ஒரு வழி இருக்கிறது, அது தும்மும்! கரீபியக் கடலின் குழாய்ப் பஞ்சு ஒன்று, நுழைவுத் துளைகளில் சேரும் அழுக்கைச் சளியாகத் திரட்டி வெளியே தள்ளுவதை 2022இல் ஆய்வாளர்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். ஒரு தும்மலுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். மணலைக் கிளறிவிட்டு, பஞ்சின் மேல் தூசு படியவிட்டு, ‘தானே சரியாகிவிடும்’ என்று இருப்பவர்கள் இந்த வேகத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பளிங்குத் தண்ணீரின் பட்டினி

நல்ல கடல் தொட்டி என்றால் என்ன? தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. அதற்காகத்தான் நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், கரித்துண்டு வடிகட்டி, மெல்லிய துணிப் பை, புற ஊதா விளக்கு என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். மீனுக்கும் பவளத்துக்கும் அது நல்லதுதான். கடற்பஞ்சின் நிலைமையோ, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்த விருந்தாளியின் நிலைமை.

கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியரும் பவளத் தொட்டி ஆர்வலருமான கென் ஃபெல்ட்மன், வீட்டுத் தொட்டிகளின் நீரை எடுத்து எண்ணிப் பார்த்தார். 2011இல் வெளியான அந்த அளவீட்டின்படி, ஸ்கிம்மரும் கரியும் ஓடும் தொட்டிகளில் பாக்டீரியா எண்ணிக்கை இயற்கைப் பவளத்திட்டு நீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பத்து வேளைச் சாப்பாட்டில் ஒன்பதை ஏற்கனவே இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது.

எலும்புக்கும் இதே சிக்கல். பெரும்பாலான கடற்பஞ்சுகள் தங்கள் உடலைத் தாங்கிப் பிடிக்க, நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவிலிருந்து கண்ணாடி முட்களைச் செய்துகொள்கின்றன. தொட்டிக்காரருக்கோ சிலிக்கா என்றாலே எரிச்சல். கண்ணாடியில் பழுப்புப் பாசி படிய அதுதான் காரணம். ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, அதற்கு மேல் ஒரு பிசினிலும் வடிகட்டி, சிலிக்காவை ஒட்டத் துடைத்துவிட்டுத்தான் உப்பே கலக்கிறார். அவர் செய்வது தவறு என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட தண்ணீரில் கண்ணாடி முள் செய்யும் உயிரைக் கொண்டுவந்து விடுவதுதான் பொருந்தாத காரியம்.

மூன்றாவது வெளிச்சம். கடையில் விற்கும் சிவப்பு, செம்மஞ்சள் பஞ்சுகளில் பெரும்பாலானவை நிழலிலும் ஆழத்திலும் வாழ்பவை. நாம் அவற்றைப் பவளத்துக்காகப் போட்ட பலமான எல்.இ.டி.க்கு நேர் கீழே, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கிறோம். சில நாளில் அதன் மேல் இழைப் பாசி ஏறும். கீழே துளைகள் மூடும். பாசியை நகத்தால் சுரண்டினால் தோலும் கூடவே உரியும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காற்றுப் பட்டால்

கடற்பஞ்சைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கக் கூடாது என்பது தொட்டி வளர்ப்பவர்கள் எல்லோரும் ஓதும் பாடம். காரணம் எளிது. காற்றில் தூக்கியதும் கால்வாய்களில் இருந்த நீர் வடிகிறது. மறுபடி அமிழ்த்தும்போது குமிழிகள் உள்ளே சிக்குகின்றன. சாட்டை அடித்து நீரைத் தள்ளும் விசை அந்தக் குமிழியை நகர்த்தப் போதாது. குமிழி அடைத்த பகுதிக்கு நீரும் இல்லை, ஆக்ஸிஜனும் இல்லை. அது உள்ளேயே அழுகும்.

எல்லா இனத்துக்கும் இந்த விதி ஒன்றுபோல் பொருந்தாது. வற்றும் கடலோரப் பாறைகளில் வாழும் சில பஞ்சுகள் ஓதம் இறங்கும்போது காற்றைத் தாங்குகின்றன. ஆனால் கடையில் இருப்பது அந்த ரகமா என்று நமக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. முள்ளின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் பல கடற்பஞ்சு இனங்களை நிபுணர்களாலேயே உறுதி செய்ய முடியாது. ஆகவே தொட்டிக்குள்ளேயே பையை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே எடுத்து, நீருக்குள்ளேயே வைப்பதுதான் புத்திசாலித்தனம். கையுறை அவசியம். கண்ணாடி முட்கள் தோலில் ஏறும். கரீபியத்தின் ‘நெருப்புப் பஞ்சு’ போன்ற சில இனங்களைத் தொட்டால் தோல் நாள்கணக்கில் எரியும்.

ஓடவும் ஓடாமல், ஓடும் இல்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் உயிருக்கு ரசாயனம்தான் ஆயுதம். அந்த ஆயுதக் கிடங்கு நமக்குத் தந்தவை கொஞ்சமல்ல. கரீபியப் பஞ்சு ஒன்றிலிருந்து வெர்னர் பெர்க்மன் 1950களின் தொடக்கத்தில் பிரித்த வேதிப்பொருள்களின் வழியாகத்தான் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் சைட்டரபின் வந்தது. ஜப்பானியப் பஞ்சு ஒன்றில் 1980களில் கண்ட பொருளை ஒட்டி உருவாக்கிய எரிபுலின், மார்பகப் புற்றுநோய் மருந்தாக 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்தாக நல்லது, மீன் தொட்டியில் அப்படி இல்லை. கைமுஷ்டி அளவுள்ள பஞ்சு நூறு லிட்டர் தொட்டியில் அழுகினால் முதலில் அமோனியா ஏறும். நச்சு உள்ள இனமாக இருந்தால் அதுவும் கூடவே கலக்கும். வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு கிளை குழைந்தால், நல்ல பகுதியை நீருக்குள்ளேயே வெட்டிக் காப்பாற்றிவிட்டு, கெட்டதை அன்றே வெளியே எடுங்கள். ‘இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்’ என்பது இங்கே செல்லாது.

அழையா விருந்தாளிகள்

இனி நல்ல செய்தி. சம்ப் எனப்படும் அடித் தொட்டியின் இருட்டில், நீர் விழும் பெட்டியில், பாறையின் கீழ்ப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓராண்டு தாண்டிய தொட்டி என்றால் பெரும்பாலும் கண்ணில் படும். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், வாயில் மயிர்க்கிரீடம் வைத்த வெள்ளைக் குடுவைகள் சைகான். பள்ளிப் பாடத்தில் படம் வரைந்த அதே சைகான். குழாய்ச் சுவரில் மெழுகு சிந்தியதுபோல் படர்ந்திருக்கும் மஞ்சள், சாம்பல், நீலத் திட்டுகளும் கடற்பஞ்சுகளே. இவை நோயல்ல, அழுக்கல்ல. சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

இவை ஏன் பிழைக்கின்றன? தேர்வு ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. பாறையோடும் பவளத் துண்டின் அடியோடும் வந்த எத்தனையோ துணுக்குகளில், இந்தத் தண்ணீரும் இந்த இருட்டும் இந்த உணவும் போதும் என்பவை மட்டும் மிஞ்சின. கடையில் நாம் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இங்கே தொட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டது.

உணவு விஷயத்திலும் இவற்றுக்கு வேறொரு வழி உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர் யாஸ்பர் டி ஹூயின் குழு, குராசாவ் தீவின் பவளத்திட்டுகளில் பொந்துகளுக்குள் படரும் பஞ்சுகளை ஆராய்ந்து 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பவளமும் பாசியும் நீரில் கசியவிடும் கரைந்த கரிமப் பொருளை இந்தப் பஞ்சுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. அப்படித் தின்றும் பெரிதாக வளர்வதில்லை. பழைய செல்களை ஓயாமல் உதிர்க்கின்றன. உதிர்ந்ததை நத்தையும் புழுவும் தின்கின்றன. யாராலும் பிடிக்க முடியாத கரைசல், மற்றவர்கள் தின்னக்கூடிய துகளாக மாறிவிடுகிறது. வீட்டுத் தொட்டியில் தண்ணீர் மஞ்சளடிப்பதற்குக் காரணமானதும் கரைந்த கரிமப் பொருள்தான். பாறைக்கடியில் இருப்பவை சம்பளம் இல்லாமல் அதே வேலையைச் செய்கின்றன என்று நம்ப இடம் இருக்கிறது.

தொட்டியில் தானாக வளரும் பஞ்சுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஜெர்மனியில் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் நகரின் வில்ஹெல்மா உயிரியல் பூங்காவின் கடல் தொட்டிகளில் சின்னஞ்சிறு வெள்ளைப் பந்துகள் முளைத்திருந்தன. பார்த்தால், அறிவியல் அதுவரை அறியாத இனம்! 2001இல் அதற்கு தெத்யா வில்ஹெல்மா என்று பூங்காவின் பெயரையே வைத்தார்கள். கடலில் அதன் ஊர் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆவணத்தில் அதன் பிறப்பிடம் ஒரு மீன் தொட்டி. ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். தசையே இல்லாமல் தாளம் தப்பாமல் சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் உடற்பருமனில் பாதிக்கு மேல் குறைந்துபோகிறது. மெல்ல நகர்கிறது. உடலில் மொட்டு விட்டுக் குட்டிகளை உதிர்க்கிறது. தொட்டியில் தடையில்லாமல் பெருகுவதால், நரம்பு இல்லாத விலங்கு எப்படி அசைகிறது என்பதை ஆராய்பவர்களுக்கு இது செல்லப்பிள்ளை.

நிறம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒன்று உண்டு: நீல ஊதாவில் காதுமடல்போல் விரியும் லெண்டன்ஃபெல்டியா காண்ட்ரோடெஸ். தொட்டிக்காரர்களிடையே பல காலம் வேறு பெயரில் சுற்றி வந்தது. இதன் உடலுக்குள் நீலப்பச்சைப் பாசிகள் குடியிருந்து ஒளியைச் சாப்பாடாக்குகின்றன. எனவே வண்ணப் பஞ்சுகளுக்கு எமனான விளக்கு இதற்கு வரம். வெளிச்சம் குறைந்தால்தான் வெளுக்கும். ஒரு துண்டு உடைந்து விழுந்தால் விழுந்த இடத்தில் ஒட்டி வளரும். வீட்டுத் தொட்டிக்கு ஒரே ஒரு கடற்பஞ்சை வாங்கலாம் என்றால் என் ஓட்டு இதற்கு.

துண்டு போட்டால் வளர்வது இந்த இனத்தின் தனித்திறமை அல்ல. 1907இல் அமெரிக்க உயிரியலாளர் எச்.வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை ஊர்ந்து சேர்ந்து மறுபடி பஞ்சாயின. குளியல் பஞ்சுப் பண்ணைகளும் இதை நம்பித்தான் நடக்கின்றன. தான்சானியாவின் சான்சிபார் தீவில், ஜம்பியானி கடற்கரைப் பெண்கள் துண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் கட்டி வளர்த்து அறுவடை செய்கிறார்கள். வீட்டுத் தொட்டிகளிலும் இது நடக்கும். நண்பரின் தொட்டியில் ஓராண்டு தழைத்த பஞ்சிலிருந்து நீருக்குள்ளேயே வெட்டிய சிறு துண்டு, கடையின் பெரிய சிவப்புக் கிளையைவிட ஆயிரம் மடங்கு நம்பத் தகுந்தது.

வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு

முதலில் தொட்டிக்கு வயது ஆகட்டும். புதுத் தொட்டியில் பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் நிலைகொண்டிருக்காது. காய்ந்த பாறையை வைத்து ஆரம்பித்த தொட்டி என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். அதில் எந்தப் பஞ்சின் துணுக்கும் வந்திருக்காது.

உயிருள்ள நுண்பாசி வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நானோகுளோராப்சிஸ் செல் 2 முதல் 5 மைக்ரான். ஐசோகிரைசிஸ் ஏறத்தாழ 5 மைக்ரான். இரண்டும் அந்தத் துளைக்குள் போகும். பாட்டில், காற்றுக் குழாய், விளக்கு, உரம் இருந்தால் வீட்டிலேயே வளரும். ஒரேயடியாகக் கவிழ்க்காமல் தினமும் கொஞ்சம் விடுவது நல்லது. விட்ட பிறகு சில மணி நேரம் ஸ்கிம்மரையும் புற ஊதா விளக்கையும் நிறுத்திவைக்க வேண்டும். நீரோட்டம் வேண்டும், ஆனால் பம்பின் வாய் நேரே பார்க்கக் கூடாது. நிழல் வேண்டும். உப்பும் வெப்பமும் ஆடாமல் இருக்க வேண்டும். நைட்ரேட் எகிறுகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சுக்குப் போடும் தீனி பவளத்தின் பாடாக முடிந்துவிடும். இத்தனைக்கும் பிறகும் சிவப்பு விரல் பஞ்சு நிலைக்கும் என்று யாரும் எழுதித்தர முடியாது.

மீன்களையும் பாருங்கள். பெரிய ஏஞ்சல் மீன்களுக்குக் கடற்பஞ்சு தினசரி உணவு. மூரிஷ் ஐடலும் கடலில் பெரும்பாலும் பஞ்சு தின்றே வாழ்கிறது; ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் பல் டாக்டர் தொட்டியில் கம்பீரமாகத் திரியும் கில் அந்த இனம்தான். நிஜத் தொட்டிகளில் அந்த மீன் பட்டினி கிடந்தே சாவது வழக்கம்.

எல்லாப் பஞ்சும் சாது என்றும் நினைத்துவிடாதீர்கள். கிளியோனா வகை, பவளத்தின் சுண்ணாம்பைத் துளைத்து உள்ளேயே குடியேறும். டெர்பியோஸ் ஹோஷினோட்டா உயிருள்ள பவளத்தைக் கறுப்புப் போர்வையாக மூடிக் கொல்லும். ராமேசுவரத்தை ஒட்டிய பாக் விரிகுடாப் பவளங்களில் அது நுழைந்துவிட்டதை 2015இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

நம் கடலில் கைவைக்க வேண்டாம்

நம் கடல் கடற்பஞ்சுகளுக்குப் பேர்போனது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சேகரித்து அனுப்பிய மாதிரிகளை வைத்து ஆர்தர் டெண்டி 1887இலேயே மெட்ராஸ் கடற்பஞ்சுகளைப் பற்றி எழுதினார். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பஞ்சுகளை விரிவாகப் பட்டியலிட்டவர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பி.ஏ. தாமஸ். அதனால், ‘கடையில் ஏன் வாங்க வேண்டும், மண்டபம் கடற்கரையில் முட்டளவு தண்ணீரில் இறங்கினால் கிடைக்குமே’ என்ற யோசனை சிலருக்கு வருகிறது.

வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கிருந்து எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. பூங்காவுக்கு வெளியேயும் சட்டம் உண்டு: 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் பாறைப்பவளங்களோடு சுண்ணாம்புக் கடற்பஞ்சுகள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. உங்கள் சம்பில் தானாக முளைத்த சைகான் அந்த வகுப்பைச் சேர்ந்ததுதான்! பவளத்தோடு பாறையை உடைத்து எடுப்பதும் குற்றமே. உலக அளவிலோ நிலைமை தலைகீழ்: அழிநிலை உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் பட்டியலில் ஒரு கடற்பஞ்சுகூட இல்லை. கடையில் நிற்கும் சிவப்புக் கிளை எந்தக் கடலில், எந்த ஆழத்தில், எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ஆச்சரியம்.

கரீபியக் கடலின் பீப்பாய்ப் பஞ்சுகளில் சில 2,000 ஆண்டுகளைத் தாண்டியவை என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு ஆயுள் கொண்ட குலத்தில் பிறந்த ஒன்றை மூன்று மாத அலங்காரத்துக்காக வாங்குவது எனக்கு உவப்பில்லை. தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, பாறையின் கீழ்ப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இருப்பதற்கு நுண்பாசி ஊற்றுங்கள். பெருகினால் நண்பருக்கு ஒரு துண்டு கொடுங்கள். சிவப்புக் கிளையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால், அடுத்த முறை அதைக் கடலிலிருந்து எடுக்க மாட்டார்கள்.